அக்காவுக்கு மதுரைக் குரல்

பிப்ரவரி 8

இன்றைக்கு விமர்சனத்துக்கு வந்தது ஒரு இண்டி ஆல்பம். 'சவுக்குத்தோப்பு' என்று பெயர் வைத்துக்கொண்ட நாலு பேர். பாண்டிச்சேரி பக்கம் பெரிய முதலியார்சாவடியில் வாடகை வீடு, புல்லட், தாடி. ஆறு பாட்டு, ஆறிலும் கடல். முதல் பாட்டில் ஒன்றரை நிமிஷம் அலைச் சத்தம் மட்டும். எங்கள் மரக்காணத்தில் அதற்கு ஹெட்போன் தேவையில்லை. நடுவில் மீனவனின் வலி. இவர்கள் மீன் வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்கியிருப்பார்களா?

எழுதி அனுப்பினேன். இணைய இதழ் ஆசிரியர் முருகையன் போன் செய்தார். "கொஞ்சம் அன்பா எழுதுங்க தம்பி." அவருக்கு எல்லாரும் நண்பர்கள்.

இதே கும்பல்தான் 'வெண்தரை' படத்துக்கு இசை. போன மே மாதம் எங்கள் உப்பளத்தில் எடுத்த படம். அக்கா அருள்மொழி நாலு காட்சியில் வருகிறாள்.

பிப்ரவரி 13

உப்பு வாரிவிட்டு வந்தவள், கால் கழுவும்போதே கேட்டாள். "டப்பிங்குக்கு எப்படா கூப்டுவாங்க?"

அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் படமே போடுகிறார்கள் என்றேன்.

"அப்ப அன்னிக்கு நான் பேசுனதையே வச்சிட்டாங்க போல!" முகமெல்லாம் சிரிப்பு.

இயக்குநர் தேவநாதனும் பேட்டிக்குப் பேட்டி அதைத்தான் சொல்கிறான். உண்மை மனிதர்கள், உண்மை மண், உண்மைக் குரல். ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை உண்மை என்பவனை நான் நம்புவதில்லை.

பிப்ரவரி 14

அக்கா கண்ணாடி முன் நின்று வசனம் சொல்லிப் பார்க்கிறாள். எடுத்து முடித்த படத்துக்கு.

பிப்ரவரி 21

 தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

தெருவே வேன் பிடித்துப் போனோம். அக்கா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். பத்து நிமிஷம் வெறும் வானம். அப்புறம் திரையில் அக்கா. நிஜமாகவே நன்றாக நடித்திருக்கிறாள். வாயைத் திறந்தாள் —

"அள்ளுங்கடி, வெயிலு ஏறுதுல்ல, எங்கிட்டு பார்த்துக்கிட்டு நிக்கிறீக?"

யார் குரல் இது? யாரோ ஒரு டப்பிங் பெண். அதுவும் மதுரைப் பேச்சு. மரக்காணத்து உப்பளத்தில் நிற்பவள் வாயில் மதுரை!

பக்கத்து சீட்டு ராசம்மாள் சத்தமாகவே கேட்டாள். "ஏண்டி அருளு, தொண்ட கட்டிக்கிச்சா உனக்கு?" எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையவில்லை.

படம் முடிந்து கேள்வி நேரத்தில் எழுந்து, ஏன் வேறு குரல் என்று கேட்டேன். தேவநாதன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உருகினான். "ப்ரோ, உங்க ஊர் ஸ்லாங் சென்னை மாதிரியே இருக்கு. கிராமம்னு ஃபீல் வரல. ஆடியன்ஸ் கனெக்ட் ஆகணும்ல?"

கைதட்டினார்கள். த்தூ. நாங்கள் கிராமம் மாதிரி இல்லையாம்! அவன் மனசில் இருக்கிற கிராமத்துக்கு எங்கள் முகமும் வெயிலும் போதும். வாய்தான் இடைஞ்சல்.

பிப்ரவரி 22

விமர்சனம் முடிந்தது. ஒரு பத்தி முழுக்க அக்காவின் குரல் பற்றி. அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"டேய் கலை, அனுப்பாத. அடுத்த படத்துல பெரிய ரோலு தரேன்னு சொல்லியிருக்கான். கெடுத்துடாத."

"உன் குரலையே எடுத்துட்டான்க்கா!"

"என் குரலுக்கு நான் சண்ட போட்டுக்கறேன். நீ உன் பேரு வர்றதுக்கு எழுதற."

அப்படியா? என் பேருக்கா?

அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 25

வந்துவிட்டது. குரல் பற்றிய பத்தியை முருகையன் வெட்டியிருக்கிறார். தலைப்பு அவருடையது: 'ஒரு நேர்மையான முயற்சி'. கீழே என் பெயர்.

இனி எழுத மாட்டேன் என்று மெசேஜ் போட்டேன். கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார்.

பிப்ரவரி 28

அக்கா இன்னும் பேசவில்லை. தட்டை மட்டும் ணங்கென்று வைக்கிறாள்.

மார்ச் 9

தேவநாதன் அவளைக் கூப்பிட்டுவிட்டான். விமர்சனத்துக்கு நன்றியும் சொல்லச் சொன்னானாம். எனக்கு! அடுத்த கதையும் மரக்காணம்தான். இவள்தான் கதாநாயகனுக்கு அக்கா.

"டப்பிங் வேற ஆளு பேசுனா வரமாட்டேன்னு சொல்லிட்டேன்," என்றாள். பதினைந்து நாள் கழித்து இன்றைக்குத்தான் என்னிடம் பேசுகிறாள்.

"ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான். மதுரை மாதிரி பேசக் கத்துக்கிட்டு வரணுமாம்."

மரக்காணத்துக்காரியாக நடிக்க மரக்காணத்துக்காரி மதுரைத் தமிழ் படிக்க வேண்டும். காறித் துப்பக்கூட வாயில் ஈரமில்லை எனக்கு. போகாதே என்றேன்.

"பேச்சு அவன் இஷ்டத்துக்கு இருந்துட்டுப் போவட்டும்டா. தொண்ட என்னுது."

மார்ச் 16

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படியில் ஒரு மதுரைக்காரி. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி அக்கா சொல்லிப் பார்க்கிறாள். 'எங்கிட்டு' வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'எங்க' என்று வந்துவிடுகிறது. உப்பில் வெடித்த விரலால் மறுபடி பின்னுக்குத் தள்ளுகிறாள்.

"எல்லாப் படமும் பாக்கறவன்தான நீ? சரியா வருதா சொல்லு."

அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்தேன். "எதிர் வசனம் யாரு பேசணும்க்கா?" என்றேன்.

"தம்பி கேரக்டரு. நீயே படி."

வசனத் தாளை வாங்கி இரண்டு வரி படித்தேன். தலையில் ஒரு தட்டு விழுந்தது.

"டேய், மதுரைல பேசுடா!"

பேசினேன்.