பிறந்தநாளில் வந்த பரீட்சை

வாண்டோ தீவு,
ஜூன் மாதம்.

அன்பு மகள் போராமுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முதுகுவலியைத் தவிர இங்கே எல்லோரும் நலம். தொலைபேசியில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

வானியல்தான் படிப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றபோதே தலையில் அடித்துக்கொண்டேன். கடலில் நம் கடற்பாசி வளரும் கயிறுகளை எண்ணிவரச் சொன்னால், மூன்று முறை எண்ணி மூன்று கணக்குச் சொல்கிறவள் நீ. நட்சத்திரத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று யார் சொன்னது உனக்கு? இரண்டு வருடமாக அதே கணக்குத் தாளில் தோற்றாய். இந்த முறையும் போனால் துறையை விட்டே அனுப்பிவிடுவார்களாம். "கணக்குல முட்டை வாங்குறவளுக்கு வானம் எதுக்கு அண்ணி? சங்கத்துல பாசி எடை போட ஆள் எடுக்குறாங்க, வரச் சொல்லுங்க" என்று உன் அத்தை தினமும் வந்து நிற்கிறாள்.

அந்தப் பாழாய்ப்போன பரீட்சை வருடா வருடம் உன் பிறந்தநாளில்தான் வந்து விழுகிறது. நம் வழக்கப்படி பிறந்தநாளுக்குப் பாசிச் சூப் வைக்க வேண்டும்; பரீட்சை நாளில் அதைக் குடித்தால் பாசிபோல வழுக்கிப் பரீட்சையில் விழுந்துவிடுவோம் என்பார்கள். நான் என்னதான் செய்ய? பாசி வளர்க்கிற வீட்டில் அன்று அடுப்பில் பாசி ஏறவில்லை. போன வருடம் உன் அப்பா அத்தை வீட்டில் ஒளிந்து குடித்துவிட்டு வந்தார். முடிவு வந்ததும், "உங்களாலதான் பிள்ள தோத்தா" என்று சொல்லி, ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொலைபேசியில் அப்படி அழுதாய். போதும், விட்டுவிட்டு வா என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீ கேட்டது என்ன? "அம்மா, அங்க மேகம் இல்லாம இருக்கா?" எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உன் அப்பாவோ செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு மேகம் இல்லைன்னு சொல்லு, நட்சத்திரம் எல்லாம் வந்திருக்குன்னு சொல்லு" என்கிறார். நீ இதை விடப்போவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பார்சலில் பல்லில் ஒட்டும் மிட்டாய் இருக்கிறது. "வழுக்காம பரீட்சையில ஒட்டிக்கட்டும் கழுத" என்று அத்தை கொடுத்தது. அதற்கடியில் இந்த வருடத்து முதல் பாசி. ஊறவைத்து, மாட்டிறைச்சியோடு நல்லெண்ணெயில் வதக்கி, பரீட்சை அன்று காலையில் சூப் வை. ஆமாம், அன்றைக்கேதான். நீ பிறந்த நாளைப் பட்டினி போட்டது போதும். இங்கே நானும் அப்பாவும் அத்தையும் அதே நேரத்தில் குடிப்போம். விழுந்தால் நாலு பேரும் சேர்ந்தே விழுவோம்.

சூடாகக் குடித்துவிட்டுப் போய் எழுது, மகளே.

உன் அம்மா