பியானோ வாசித்தது யார்?

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருக்கு வலது காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ஆனால் அவருக்கு வேண்டியதெல்லாம் கேட்கிறது. நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வதற்கே நான்கு பக்கமும் போதவில்லை போலிருக்கிறது.

உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை. யாரும் கண்டுகொள்ளாமல் போன பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடும் கம்பெனி ஒன்றுக்கும் வேலை செய்கிறாள். நாம் ஐந்து பேர் சேர்ந்து வாசித்த ஒரே தட்டு, முந்நூறு பிரதி போட்டு முக்கால்வாசி விற்காமல் கிடந்ததே, அதில் ஒன்று மூடிப்போன நூலகத்தின் கழிவுப் பெட்டியில் அகப்பட்டிருக்கிறது. கேட்டவர்கள் ஆடிப்போய்விட்டார்களாம். ஹார்ட் பாப் ஜாஸ் என்றால் இதுதான், மூளையும் கேட்கிறது, காலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் பியானோக்காரரின் 'கனத்த, ஆண்மை நிறைந்த இடது கை' பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்துக் காட்டியபோது உன் அத்தான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

அந்தத் தட்டின் உறையில் பியானோ என்பதற்கு எதிரே உன் மைத்துனர் பெயர் இருக்கிறது. அன்றைக்கு அவர் உனக்கு மைத்துனர் இல்லை, தட்டுக் கம்பெனி முதலாளியின் மகன். பெண் பெயரைப் போட்டால் இந்த மாதிரி இசையை எவன் வாங்குவான் என்று கேட்ட முதலாளி, மகனைப் பியானோ முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து நீ அவர் மகளைக் கட்டிக்கொண்டாய். அதோடு பேச்சு முடிந்தது. உன் கல்யாணத்தில் சண்டை வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

மைத்துனர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் வீட்டிலிருந்த பழைய பெட்டிகளையெல்லாம் இந்தக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நம் மூல ஒலிநாடா இருந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் உதிர்ந்துவிடுமாம். இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தி அந்தப் பெண் ஓட்டியிருக்கிறாள். என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, ஐயாவும் கேட்கட்டும் என்று சத்தமாகவே போட்டாள்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். டிரம்ஸ்காரர் இருமுகிறார். பிறகு உன் குரல், பத்தொன்பது வயசுக் குரல்: "அக்கா, முதல் எட்டு பார் தாளம் நீ தனியா வாசி. நாங்க அப்புறம் சேந்துக்கறோம்." நான் சொல்கிறேன்: "சரிடா, ஆனா முந்திக்காதே. போன தடவை மாதிரி ஓடினேன்னா நான் பாதியிலேயே எழுந்து போயிடுவேன்." எல்லோரும் சிரிக்கிறீர்கள். அதற்குப் பிறகு பியானோ.

என் கை சின்னது, உனக்குத் தெரியும். தூரத்துச் சுரத்தை ஒரே பிடியில் எட்டாது. அதனால் கீழேயிருந்து உருட்டிக்கொண்டு மேலே போவேன். நாற்பத்தேழு வருஷம் கழித்து அந்த உருட்டலைக் கேட்டேன். அந்த மனிதர் ஆண்மை என்று எழுதியது அதைத்தான்.

அந்தப் பெண் நாடாவை நிறுத்திவிட்டு, "இந்த அக்கா யாருன்னுதான் மூணு மாசமா தேடறேன், நீங்கதானே?" என்றாள். உன் அத்தான்தான் பதில் சொன்னார்: "வேற யாரு. எனக்கும் நாப்பது வருஷமா இதே மிரட்டல்தான்."

மறுவாரம் அவளோடு கம்பெனிக்குப் போனேன். நிர்வாகி மரியாதையான ஆள்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டார். "அம்மா, உங்களை நாங்க சந்தேகப்படலை. ஆனா உங்க தம்பியே எழுதிக் குடுத்திருக்காரே" என்று ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பியானோ வாசித்தவர் உன் மைத்துனர்தான் என்று கீழே உன் கையெழுத்து. அந்த வால் நீட்டும் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். உறையில் பெயர் இல்லாததுகூட எனக்குப் பழகிவிட்டது, தம்பி. அந்தத் தாளைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எழுத்தே தெரியவில்லை.

நன்றிப் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார். வாசித்தவளுக்கு வாசிக்காதவர் சார்பில் நன்றியா என்று கேட்டேன். ஒலிப்பதிவுப் பெண் நாடாவைப் போட்டாள். கேட்டுவிட்டு, இந்தப் பேச்சை வெட்டிவிட்டு இசையை மட்டும் வைக்கலாமே என்றார் அவர். அப்போதுதான் பையிலிருந்து என் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். நான் தட்டச்சு வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் பிழையாகிப்போன கடிதங்கள். முன்பக்கம் அலுவலக முத்திரையும் தேதியும், பின்பக்கம் நானே மெட்டமைத்து என் கையால் எழுதிய இசைக்குறிப்பு. தட்டில் இருக்கும் ஆறு உருப்படியில் நாலு அதில் இருக்கிறது. "வெட்டறதுன்னா இந்த நாலையும் சேத்து வெட்டுங்க. மிச்சம் ரெண்டை வெச்சுத் தட்டுப் போடுங்க" என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நேற்று அவர் கடிதம் வந்தது. புது உறையின் முன்பக்கத்தில் பியானோவுக்கும் நாலு உருப்படிக்கும் என் பெயர். நம் பேச்சும் அப்படியே இருக்கும். ஆக, நான் உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. அது முடிந்துபோன காரியம்.

இந்த வயதில் பெயர் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உறையில் உன் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்றையாவது எடுத்துவிடச் சொல்லிவிட்டு என்னிடம் வந்திருந்தால் உன் கேள்விக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இறந்தவரை அவமானப்படுத்தாதே என்றும் எழுதியிருக்கிறாய். உன் மைத்துனர் கெட்டவர் இல்லை. அந்தத் தட்டுக்குப் பிறகு எத்தனை பேர் கூப்பிட்டும் அவர் ஒரு மேடையில்கூடப் பியானோவைத் தொடவில்லை. கேட்டால் கை வலி என்பார். வாழ்நாள் முழுக்கக் கை வலி, பாவம். அவரே அந்த நாடாவைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஏன் என்று நீதான் யோசிக்க வேண்டும். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நான் ஒன்றும் வீணாய்ப் போகவும் இல்லை. முப்பத்தொரு வருஷம் தட்டச்சு செய்தேன், பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன், நன்றாகச் சிரித்தேன். யாரும் என்னைப் பார்த்து ஐயோ என்று சொல்ல வேண்டியதில்லை. செய்ததை நான்தான் செய்தேன் என்று சொன்னால் போதும்.

உன் மனைவி தாங்க மாட்டாள் என்கிறாய். எனக்கு அவளைத் தெரியும். அண்ணன் படம் போட்ட அந்த உறையைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். உண்மையை அவள் தாங்கிவிடுவாள். உனக்கு இத்தனை வருஷமும் தெரியும் என்பதைத்தான் தாங்குவது கஷ்டம். அது உன் பயம். அவள் பெயரில் எழுதாதே.

தட்டு இரண்டு மாதத்தில் வந்துவிடும். அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக உன் கையாலேயே கம்பெனிக்கு இரண்டு வரி எழுதிப்போடு. யாரோ அந்நியர் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல். சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அவள் அழுதுகொண்டிருந்தால் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வா. நான் பேசிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உன்னை நான் என்றைக்கும் விட்டுக்கொடுத்தது இல்லை, இனிமேலும் மாட்டேன். ஆனால் என்னையும் இனிமேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அக்கா