குளிர் வந்தால் மருந்து பிடித்துக்கொண்டதாம்

அக்கா,

இன்று காலை மகள் தன் குழந்தையின் பால்புட்டி ரப்பரைக் கொதிக்க வைத்தாள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் வெந்த ரப்பர் என்றால் எனக்குக் கள்ளக்குறிச்சியின் அந்த கிளினிக்தான். அலுமினியச் சட்டியில் குளுக்கோஸ் குழாய்கள் சுருண்டு கொதித்துக்கொண்டிருந்த இடம்.

கரும்பு வெட்டு முடிந்தால் மணலூர்பேட்டையில் பாதிப் பேர் பஸ் ஏறிப் போய் அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நோய் வேண்டியதில்லை, அலுப்பு போதும். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு நீயும் போனாய். "ஒரு பாட்டில் போட்டுக்கினா தெம்பா இருக்கும்டி. அப்டியே சினிமாவும் பாத்துட்டு வரலாம்."

பாட்டில் கொஞ்சம் இறங்குவதற்குள் உன் பல் தந்தியடித்தது. கட்டிலே ஆடியது. நான் கத்தினேன். கம்பவுண்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா கத்துற? குளிரு வந்தா மருந்து புடிச்சிக்கிச்சின்னு அர்த்தம்."

பக்கத்துக் கட்டில்காரி அதற்கு ஒத்து ஊதினாள். "ஆமா, போன தபா எனக்கும் இப்டித்தான் தூக்கிப் போட்டுச்சு."

குழாயைப் பிடுங்கப் போன என் கையை நீயே தட்டிவிட்டாய். "சும்மா இருடி. புடிக்கிற மருந்த கெடுக்காத."

பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உன் உடம்பா! கரும்புக் கட்டோடு வரப்பில் ஓடிய உடம்பு!

நுண்ணுயிரியலை நான் எடுத்துப் படித்தது உனக்காகத்தான். சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் ஒரு பொருள் உண்டு, அக்கா. நீ நட்ட நாற்று மாதிரி, கொழுப்பாலான வேர் சுவருக்குள் பதிந்திருக்கும், சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டிருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; அந்த வேர் அழியாது. அது ரத்தத்தில் கலந்தால், உயிருள்ள கிருமிப்படையே புகுந்துவிட்டதென்று நம் காவல் அணுக்கள் அலறும். காய்ச்சல், நடுக்கம், பிறகு ரத்த அழுத்தம் சரியும். ஈரத்தோடு கிடந்து கிருமி மண்டிய குழாயைத்தான் கொதிக்க வைத்து உனக்கு மாட்டினார்கள். செத்த கிருமியின் மேல்தோலைக் கண்டு உன் காவலே உன்னைச் சாய்த்தது.

இதெல்லாம் அப்போதே பாடப்புத்தகத்தில் இருந்தது. படித்தவர்கள்தானே அந்த கிளினிக்கை நடத்தினார்கள்? ஆபத்து என்று உடம்பு கத்தியதை, குணமாகிறது என்று ஊரையே நம்ப வைத்திருந்தார்கள். அதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ரப்பர் குழாய் போய், ஒரு தடவை போட்டு எறிகிற பிளாஸ்டிக் வந்துவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பாட்டில் இறங்கும்போது அவளுக்கு உதறல் எடுத்தது.

"மருந்து புடிக்குதுங்க, அப்டித்தான் இருக்கும்" என்றாள் நர்ஸ். அந்தப் பெண்ணும், "இருங்கம்மா, சரியாப் போயிடும்" என்று என்னைத் தடுத்தாள்.

நான் இருக்கவில்லை. குழாயில் சொட்டை நிறுத்துகிற சக்கரத்தை உருட்டி மூடினேன். டாக்டர் ஓடி வந்து பார்க்கும்வரை அதிலிருந்து விரலை எடுக்கவில்லை. நேற்று அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

நீ தட்டிவிட்ட கைதான், அக்கா, அது.