கோயிலில் முதல் ஓலை

ஆக்னஸ் கண்ணு,

பூசை எட்டரைக்கு. ஜெபமாலை சொல்ல நான் முன்னாலேயே போகிறேன். இட்லி மூடி வைத்திருக்கிறேன். சட்னியில் உப்பு கூடிவிட்டது.

பூசை முடிந்ததும் பூந்தமல்லி ஹாஜா பாய் மொட்டை மாடியில் அடுப்பு வைக்க இடம் பார்க்க வருவார். "நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்க கூலியா? வுடு அண்ணாத்தே" என்ற மனிதர். டீ போட்டுக் கொடும்மா.

மண்டபம் வேண்டாம், மாடி போதும் என்றதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. கடன் வாங்காமல் நடக்கும் கல்யாணத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.

இன்று பூசையில் உன் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். பக்கத்தில் குடையை வைத்து உனக்கு இடம் பிடிக்கிறேன்.

அப்பா

பி.கு.: "காலஞ்சென்ற இருதயமேரியின் மகள்" என்று ஃபாதர் படிப்பார். அதைத் தனியாக உட்கார்ந்து கேட்கப் பயமாக இருக்கிறது. கோபத்தோடேயே வந்து உட்கார், போதும்.