வரி ஆபீஸ் கேட்ட கடிதங்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா? பாப்பா தலைவார அடம்பிடிக்காமல் உட்காருகிறாளா?

வரி ஆபீசுக்குப் போயிருந்தேன். ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டாம். பணம் அனுப்பிய ரசீதுகளை நீட்டினேன்.

"இது பத்தாதும்மா. பணம் எதுக்குச் செலவாகுதுன்னு வீட்டுக்காரர் போட்ட கடுதாசி இருந்தா குடுங்க. ஜெராக்ஸ் செல்லாது. அசல் திரும்பக் கிடைக்காது" என்றார் குமாஸ்தா.

உங்கள் பதினான்கு கடிதங்களும் என் பையில்தான் இருந்தன.

"எடுத்துட்டு வரலீங்க" என்று பொய் சொல்லிவிட்டேன். திட்டாதீர்கள். மாதக் கடைசிவரை தவணை இருக்கிறது.

உடனே இரண்டு கடிதம் போடுங்கள். ஒன்றில் வாடகை, பள்ளிக் கட்டணம் மட்டும் எழுதுங்கள், அது ஆபீசுக்கு. ஷிப்டு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். மற்றதில், பாப்பா என்னைக் கேட்டாளா என்று எழுதுங்கள். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி