பதினோராவது கேள்வி

மார்ச் 9

என்னங்க,

நான் திரும்பி வீடு வந்து சேர்ந்துவிட்டேன். போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும், விஷயம் வராது. எழுதினால் ஒழுங்காகச் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே விமானத்தை விட்டு இறங்கி வரிசையில் நின்றேன். நீங்கள் சொன்ன மாதிரியே கல்யாணச் சான்றிதழ், போட்டோ, உங்கள் பர்மிட், பாஸ்போர்ட் நகல் எல்லாம் கையில் வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் உங்கள் பாஸ்போர்ட் நகலில் இருந்த முத்திரைகளைப் பார்த்து ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கேமரா. மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் ஒரு பெண் தமிழில் பேசினாள். வீட்டிலிருந்து பேசுகிறாள் போல, பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அக்கா, கல்யாணமாகி ஏழு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது அம்பத்தெட்டு நாள்தான்னு சார் சொல்றாரு. சரிதானான்னு கேக்குறாரு."

நான் எண்ணியதே இல்லை. கல்யாணம் முடிந்து நாற்பது நாள், மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் லீவில் வந்தபோது பதினெட்டு. சரியாகத்தான் இருந்தது.

பெண்டாட்டியைக் கூட்டிவர ஏழு வருஷம் விடாதது அந்த நாட்டுச் சட்டம். ஏழு வருஷம் பிரிந்திருந்தவர்கள் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆவீர்கள் என்று கேட்பதும் அதே சட்டம். இதை அப்படியே அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். "இதையும் நான் சொல்லணுமா அக்கா?" என்றாள். பாவம், அவளும் பிழைக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன்.

உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ஏர்போர்ட் செக்யூரிட்டி ஆபீசில் சூப்பர்வைசர் என்றேன், பெருமையாக. தனி அறை, ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும் என்றேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார். தினம் முந்நூறு சட்டையைப் புரட்டிப் பார்த்து ரிஜெக்ட் போடுகிறவள் நான். அவர் பேனா போகிற போக்கிலேயே எனக்கும் ரிஜெக்ட்தான் என்று தெரிந்துவிட்டது. ஆமாம், நான் சட்டைக் கம்பெனி வேலையை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னது பொய். வீட்டில் தனியாகப் பொழுதைத் தள்ள முடியவில்லை.

மறுநாள் இரண்டு பேர் என்னை நடுவில் விட்டு, திரும்பிப் போகிற விமானத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுபடி செக்யூரிட்டி. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், ஹேர்பின்னை எடுக்கச் சொன்னார்கள், கையுறை போட்ட ஒருத்தி உடம்பு பூராவும் தடவினாள். அந்தப் பக்கம் போய்த் தட்டிலிருந்து செருப்பை எடுத்தேன். காலித் தட்டுகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போக ஒருவர் வந்தார். பச்சைச் சட்டை. நீங்கள்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. என் செருப்பு இருந்த தட்டை எடுத்து மற்றதோடு அடுக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

தட்டு அடுக்குவது கேவலமில்லை. அதை ஏன் மறைத்தீர்கள்? என்னை ஏன் பார்க்கவில்லை? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சிட்டு

*

மார்ச் 21

அன்புள்ள சிட்டுக்கு,

உன் கடிதத்தை டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

அன்றைக்கு உன்னைக் கூப்பிட வெளியே நிற்கலாம் என்று ஷிப்டு மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை. வரிசையில் நின்று தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோதே என்னைக் கூட்டிப்போனார்கள். உன் பக்கத்து அறைதான். நடுவில் ஒரு சுவர். நீ இருமினது எனக்குக் கேட்டது. அதே கேள்விகளை என்னிடமும் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். பர்மிட் அவர்கள் கையில் இருக்கும்போது பொய் சொல்ல முடியுமா? தட்டு அடுக்குகிறேன், ஒரு அறையில் ஆறு பேர், எனக்குக் கீழ்க் கட்டில், நாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. மரம் மட்டும் பொய்யில்லை. பார்க்கிங்கில் நிற்கிறது. உன்னோடு இருக்க அடுத்த தெருவில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். அதன் அட்வான்ஸ் ரசீதைக் காட்டினேன். அதை அவர்கள் கேட்கவில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் உன் அப்பாவிடம் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தில், எந்த போனில் திருத்துவது?

பார்க்காததற்குக் காரணம் இது. கேள்வி முடிந்து திரும்பி வந்தபோது என் சூப்பர்வைசர், நிஜ சூப்பர்வைசர், சொன்னான்: "நாளைக்கு அந்தம்மா இந்த வழியாத்தான் போவாங்க. ஒரு வார்த்தை, ஒரு சைகை, பாஸைக் கழட்டி வெச்சிட்டுப் போயிடு." லீவு கேட்டேன். தரவில்லை. நிமிர்ந்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன் சிட்டு. அதனால் தட்டைப் பார்த்தேன்.

உத்தரவு கையில் இருக்கிறது. இரண்டு பத்தி. நீ சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம். பதினாலு கேள்வியில் ஒன்பது ஒத்துப்போகவில்லை, பேருக்குச் செய்த கல்யாணம் என்று முடித்திருக்கிறார்கள். மே இருபதுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். தபால் முத்திரை உள்ள கையெழுத்துக் கடிதங்கள் நல்ல சாட்சி என்கிறார். தேதி போட்டு, 'அன்புள்ள கணவருக்கு' என்று தொடங்கி, நாம் சேர்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுது. இந்த உத்தரவு அப்படியே நிலைத்துவிட்டால் பத்து வருஷத்துக்கு உனக்கு விசா கிடையாது. அப்போது உனக்கு நாற்பத்து நாலு, எனக்கு ஐம்பது.

இந்தக் கடிதத்தையும் வக்கீல் படிப்பார். அதனால் பதினோராவது கேள்வியைப் பற்றி இதில் எழுதவில்லை.

உன் கணவன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொண்டது. இதைப் படிக்கப்போகும் வக்கீல் ஐயாவுக்கும், அவருக்குப் பின்னால் படிக்கப்போகும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம்.

நாம் ஐம்பத்தெட்டு நாள் சேர்ந்து வாழ்ந்தோம். நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்ற கேள்விக்கு நான் சுவர்ப் பக்கம் என்றேன். நீங்கள் ஓரம் என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டும் சரி. முதல் நாற்பது நாள் சுவர்ப் பக்கம். லீவில் வந்தபோது ஆறு பேர் அறையில் பழகிய பழக்கத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து குளியலறைக்கு ஓடினீர்கள், அதனால் ஓரம். ஏன் ஓடுகிறீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் குழாயைத் திறந்தால் மூட மறப்பீர்கள். கோபம் வந்தால் துவைத்த துணியையே திரும்பத் துவைப்பீர்கள். நாம் ஒரே ஒரு முறைதான் சண்டை போட்டோம். அதற்கு மேல் நாள் இருக்கவில்லை. என் தலையை நீங்கள் ஒரு தடவை வாரிவிட்டீர்கள். வகிடு கோணலாக இருந்தது. அப்படியே கம்பெனிக்குப் போனேன். எங்கள் தையல் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் லைன் அக்கா சிரித்தாள், நான் திருத்திக்கொள்ளவில்லை.

இதற்கு மேல் என்ன எழுத வேண்டும் என்று ஐயா சொல்லட்டும், எழுதுகிறேன்.

இப்படிக்கு
உங்கள் மனைவி

(இது தனித்தாள். யாரிடமும் காட்டாதீர்கள்.)

என்னங்க, எந்தக் கேள்விக்கு எந்த நம்பர் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பதினோராவது எது என்று தெரிகிறது. அதை வக்கீல் படிக்கிற தாளில் எழுதவில்லை என்றீர்கள், சரி. வேறு ஒரு தாளில் எழுதியிருக்கலாமே. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டியாவது எழுதுங்கள்.

*

ஏப்ரல் 14

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதத்தை வக்கீல் மொழிபெயர்க்கக் கொடுத்தார். நன்றாக இருக்கிறதாம், ஆனால் அதிகாரிக்கு வணக்கம் சொன்னதை எடுத்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டுமாம். கிண்டல் என்று நினைப்பார்களாம். ஒரே முறை சண்டை என்பதையும் மாற்றச் சொல்கிறார். உண்மையான தம்பதிகள் நாலைந்து தடவையாவது சண்டை போட்டிருப்பார்களாம்.

தனித்தாளும் கிடைத்தது.

குழந்தை உண்டானதா என்று கேட்டபோது நான் இல்லை என்றேன். நீ 'ஒரு தடவை, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது' என்று சொல்லியிருக்கிறாய். டைப் அடித்த எழுத்தில், என் 'இல்லை'க்குப் பக்கத்தில் அதைப் படித்தேன். அன்றிலிருந்து எனக்கு எதுவும் எழுத வரவில்லை. வரிசையில் நிற்கிறேன், தட்டு வருகிறது, அடுக்குகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஒத்துப்போகாத ஒன்பதில் நமக்குச் சாதகமானது இது ஒன்றுதான் என்கிறார் வக்கீல். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் வழக்கையே திருப்பிவிடலாமாம். உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. இன்னொன்றும் கேட்கச் சொன்னார். நான் லீவில் வந்த தேதியோடு அந்தத் தேதி பொருந்தும்தானே?

உன் கணவன்

*

ஏப்ரல் 25

என்னங்க,

பொருந்தும்.

நீங்கள் லீவு முடிந்து போய் எழுபத்தொன்பதாம் நாள். செக்கிங் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டைகள். லைன் அக்கா பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தபோது நீங்கள் போன் செய்தீர்கள். காய்ச்சல் என்றேன். இளநீர் குடி என்றீர்கள். சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். புது பர்மிட் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் சொல்லவில்லை.

மூன்று வருஷமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் ஜன்னல் இல்லாத அறையில், பேனாவோடு, என்னைத் திருப்பி அனுப்புவதற்காகக் கேட்டார். பதில் சொன்னதும் ஸ்பீக்கரில் இருந்த பெண், அவர் சொல்லாமலே, "தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?" என்றாள். இரண்டாவதாகக் கேட்டது நீங்கள். நீங்கள் கேட்டது தேதி.

வக்கீல் கேட்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். சூப்பர்வைசர் சொன்னதால் பார்க்கவில்லை, வக்கீல் சொன்னதால் கேட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களை அந்த வரிசையில் நிறுத்திக் குனியவைத்தவர்கள்மேல்தான் கோபம். ஆனால் அவர்களோடு நான் குடித்தனம் நடத்தவேண்டியதில்லை. உங்களோடு நடத்த வேண்டும். அந்த அடுத்த தெரு அறையில் நீங்கள் ஒவ்வொரு தடவை என்னைப் பார்க்கும்போதும், யார் பார்க்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றும். அதோடு என்னால் வாழ முடியாது.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் தெளிவாக இருக்கிறது. சண்டைகளையும் வேண்டிய அளவுக்குச் சேர்த்து எழுதி, இன்னொரு கடிதம் தனியாக மடித்திருக்கிறேன். வழக்கை நடத்துங்கள். வக்கீலிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

ஜெயித்தாலும் நான் வரமாட்டேன்.

மாத்திரையை விடாமல் போடுங்கள். இங்கே வரச் சொல்லி உங்களைக் கூப்பிடவும் மாட்டேன், வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள். நமக்கு நடந்தது உண்மையான கல்யாணம்தான் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள் இல்லையா, அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

சிட்டு