அவர் வரும்வரை முள்ளங்கி

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவே இல்லை. நம் மாடிச் செடித்தொட்டியில் முள்ளங்கி மண்ணுக்கு மேலே தலை நீட்டிவிட்டது. இனி விட்டால் உள்ளே பஞ்சாகிவிடும். பறித்தேன். கூடவே ஒரு பிடி கொத்தமல்லி.

எல்லாம் அவர் விதைத்தது. கல்யாணமானதிலிருந்து எந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனாலும் விதைப்பார். முளைக்கும்போது மாற்றல் வரும், யாரோ தின்பார்கள். இந்தத் தடவை மாற்றல் இல்லை, ஒடிசா பக்கம் ஆபீஸ் வேலை, அவ்வளவுதான். சனிக்கிழமை வந்துவிடுவார். போனில், "மொதல் முள்ளங்கிய நான்தான் கடிக்கணும். எலையோட வை, பாக்கணும்."

கழுவாமல், மண்ணை மட்டும் தட்டி, இலையோடு ஃபிரிட்ஜில். அந்த வெளிச்சத்தில் எவ்வளவு அழகு! பார்த்துக்கொண்டே நின்றேன். கதவைச் சாத்தச் சொல்லி பீப் பீப்.

டிச. 11, வியாழன்

கொத்தமல்லி மஞ்சள். தப்பு என்னுடையதுதான். போன வெள்ளி சாமிக்கு வைத்த ஆப்பிள், எறிய மனசில்லாமல் ஃபிரிட்ஜில் அதே தட்டில் போட்டு வைத்திருந்தேன். ஆப்பிள் விடும் வாயுவில் கீரை பழுத்துவிடுமாம். நிலா இடுப்பில் கை வைத்து, "கைக்கு ரக்கே மா, ஆப்பிள் உதர்?" ஏன் அங்கே வைத்தாய் என்று இந்தியில் அதட்டல். என் பெண்ணுக்குத் தமிழில் திட்ட வராது.

முள்ளங்கியும் துவண்டுவிட்டது. வளைத்தால் வளைகிறது.

பக்கத்து ஃப்ளாட் சுஜாதா எட்டிப் பார்த்து, "ஆகுலு தீசேயண்டி!" இலையை வெட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அது கிழங்கின் தண்ணீரைக் குடித்துவிடுமாம். அவர் பார்க்கணும் என்றாரே. போட்டோ எடுத்துக்கொண்டு வெட்டினேன். ஐஸ் தண்ணீரில் போட்டேன்.

மத்தியானம் அடுப்பு மேடையில் வெயில். கிண்ணத்துக்குள் வெள்ளை வெள்ளையாக மிதந்து, தானாகவே மெல்லத் திரும்பிக்கொண்டு. என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சமையல் மறந்தே போச்சு. நிலாவுக்கு நூடுல்ஸ்.

டிச. 12, வெள்ளி

பிழைத்துவிட்டது! நகத்தால் தட்டினால் டக் டக். நன்றாகத் துடைத்து, ஈரத்துணி சுற்றி, டப்பாவில். பக்கத்தில் பழம் கூடாது. இன்றைய ஆப்பிள் பூஜை முடிந்ததும் நேரே நிலா வாய்க்கு.

வாங்க: பால், ரவை, அவருக்கு ஷேவிங் பிளேடு.

டிச. 13, சனி

சாயங்காலம்தான் போன். வேலை முடியவில்லையாம். இனி பொங்கலுக்குத்தானாம்.

டப்பாவைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன். கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம், அதற்கு மேல் அழுகை.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்ருங்க. வீணாக்காத," என்றார்.

"மாட்டேன்."

"பொங்கல் வரைக்கும் தாங்காதுடி."

அது எனக்குத் தெரியாதா? ஒன்றை எடுத்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். கடித்தேன்.

கறுக்.

எனக்குக் காரம் மூக்கில் ஏறி, கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னொரு தடவ கடி," என்றார்.